அளவுக்குக் கொண்டுபோன கல்

மலைமேல் இருக்கிற சோளக்காடு என்கிற ஊரிலிருந்து கீழே இறங்கிப் போகிற சாமான்கள் என்னென்ன என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பலாப்பழம் போகும், மிளகு போகும், வாழைத்தார் போகும், மரவள்ளிக்கிழங்கு மூட்டை மூட்டையாகப் போகும். கல் போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் ஆனி மாதத்து ஒரு காலையில், செல்வத்தின் பிக்கப் வண்டியில் பலாப்பழங்களுக்கு நடுவே ஒரு கருங்கல் படுத்துக் கிடந்ததைப் பார்த்ததும் டீக்கடை முழுக்க எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டது. குடித்த டீயைக் கீழே வைக்கக்கூட ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை, டம்ளரோடுதான் வந்தார்கள்.

"ஏனுங்க செல்வம், கீழ கல்லுக்குப் பஞ்சம் வந்துருச்சா? நாமக்கல்லுல ஊருக்கு நடுவால மலையாட்டம் ஒத்தக் கல்லு நிக்குது. அது பத்தலையாமா அவியளுக்கு?"

"எங்கக்காளக் கேளுங்க. நானு வண்டி ஓட்டறவன்" என்றான் செல்வம்.

அக்காள் நாகலட்சுமி, வண்டியின் மறுபக்கம் நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கன்றுக்குட்டி கால் மடக்கிப் படுத்த அளவுக்கு இருக்கும் அந்தக் கல். ஒரு பக்கம் மழமழவென்று வழுக்கும். மறுபக்கம் சொரசொரப்பாக, நடுவில் ஒரு பள்ளத்தோடு இருக்கும். விடியற்காலையில் பலகை போட்டு, கடப்பாரையால் நெம்பி, செல்வமும் இன்னும் ரெண்டு ஆட்களுமாக அதை ஏற்றி முடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. ஏற்றியதெல்லாம் அவளுடைய வீட்டுக்காரன் கோகுல்நாத்துக்குத் தெரியாது. அவன் குளித்துவிட்டுச் சாவகாசமாக நடந்து வந்து கொண்டிருந்தான்.

வந்தான். வண்டியைப் பார்த்தான். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

"இத என்னத்துக்குடி ஏத்துன?"

"ஜாக்கெட்டுத் தைக்கக் குடுத்தா அளவு ஜாக்கெட்டுக் கொண்டுபோறமில்ல? அதாட்டந்தானுங்க" என்றாள் நாகலட்சுமி. "அங்க போயி மெசின் கடைக்காரன் பஞ்சு மூட்டையத் தூக்கிக் காட்டுவான். நம்ம தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்துருவோம். நம்ம கல்லத் தூக்கட்டும், பாப்போம்."

"கல்லே ஊரு ஒலகத்துல இல்லையா? இதுதான் கெடச்சுதா?"

"இதத்தான் தூக்கோணும்."

டீக்கடைக் கூட்டம் டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டது. அது என்ன கல் என்று அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கோகுல்நாத் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். சாத்தின சாத்தில் கண்ணாடி கிடுகிடுத்தது.

விஷயம் இதுதான். கோகுல்நாத்திடம் மண் தோண்டுகிற ஒரு சின்ன மெசின் இருக்கிறது. எந்தக் கம்பெனி மெசினாக இருந்தாலும் மலையில் அதற்குக் குட்டி ஹிட்டாச்சி என்றுதான் பெயர். பெரிய மெசின்கள் ஏற முடியாத வரப்புகளில் அது ஏறும். வளப்பூர் நாட்டுப் பக்கம் நிலமெல்லாம் சரிவு, படிப்படியாகக் கல்கட்டுப் போட்டு மண்ணைப் பிடித்து வைத்தால்தான் சாமையோ மரவள்ளியோ விளையும். ஒரு மழைக்கு ஒரு கட்டுச் சரியும், அடுத்த மழைக்கு அடுத்தது சரியும். ஆக, வேலைக்குக் குறைவே கிடையாது. புருசன் மெசினில் உட்காருவான், பெண்டாட்டி கீழே நிற்பாள். அவள் கல்லுக்குச் சங்கிலி கட்டி, மெசினின் மண் அள்ளுகிற பக்கெட்டுக் கொக்கியில் மாட்டி, கையைத் தூக்கினால் அவன் தூக்குவான். கையை மடக்கினால் நிறுத்துவான். கல்யாணமான புதிதிலிருந்து இப்படித்தான். ஊரில் புருசன் பெண்டாட்டி எத்தனை பேர் உண்டு, நாள் முழுக்க ஒருத்தர் கையை ஒருத்தர் பார்த்தே வேலை செய்கிறவர்கள் இவர்கள் ரெண்டு பேர்தான் என்று காட்டுக்காரப் பொன்னாயி அடிக்கடி கேலி பேசுவாள்.

அந்தப் பொன்னாயியின் காட்டில்தான் அது நடந்தது. தை மாதம், மஞ்சு மூடிய காலை. கல்லெல்லாம் ஈரம். கட்டின சங்கிலி வழவழப்புப் பக்கமாக நழுவியது. அந்தரத்தில் ஆடிய கல் ஒரு புரள் புரண்டு, விலகுவதற்குள் நாகலட்சுமியின் இடது காலை உரசி விழுந்தது. உரசினதற்கே இந்தப் பாடு. நேராக விழுந்திருந்தால் காலே இருக்காது. இரண்டு விரல் நசுங்கிப்போய், கட்டுப் பிரித்த பிறகும் அந்த விரல்கள் மடங்கவில்லை. நடை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான், மற்றபடி அவள் பழைய நாகலட்சுமிதான்.

பழைய ஆளாக இல்லாமல் போனவன் கோகுல்நாத். அன்றைக்கு மெசினை நிறுத்தியவன் அதன்பின் ஒரு கல்லைக்கூடத் தூக்கவில்லை. குழி தோண்டக் கூப்பிட்டால் போவான், வாய்க்கால் வழிக்கக் கூப்பிட்டால் போவான். கல்வேலை என்றால் டீசல் இல்லை, பெல்ட் சரியில்லை, உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்வான். பொன்னாயியின் கட்டு பாதியோடு நின்றது. விழுந்த கல்லும் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அந்த ஊரில் ஒரு பழக்கம், ரத்தம் பார்த்த கல்லைக் கட்டில் வைக்கமாட்டார்கள். காட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். கொண்டுபோய்ப் போடுவதற்கு ஆள்? அந்தக் கல்லைத்தான் நாகலட்சுமி இப்போது வண்டியில் ஏற்றியிருந்தாள்.

"ஆடிச் சாரல் புடிச்சா எங்காடு கீழ ஓடைக்குப் போயிருமே சாமி" என்று பொன்னாயி வாரத்துக்கு ஒருமுறை வந்து வாசலில் நிற்பாள். கோகுல்நாத் ஆகட்டுமுங்க ஆகட்டுமுங்க என்பான். அவள் போன பிறகு தார்ப்பாய் மூடிக் கிடக்கும் மெசினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இந்த நேரம் பார்த்து அடிவாரத்திலிருந்து அர்த்தனாரி வந்து சேர்ந்தார். மரவியாபாரி. மிளகுக்கொடி ஏற்றுகிற சில்வர் ஓக் மரங்களை மொத்தமாக விலைபேசி வெட்டுகிறவர். நல்ல மனுசர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

"மெசினுக்கு கிராப்புன்னு ஒண்ணு வந்துருக்குது கோகுலு. நண்டு கொடுக்குல புடிக்கற மாதிரி மரத்தக் கவ்விப் புடிச்சு, சுத்தித் திருப்பி லாரில அடுக்கிப்போடும். அத நானே வாங்கி மாட்டித் தாரேன். மெசினும் நீயும் எங்கூட வந்துருங்க. ஸ்டேட் பார்டர் வரைக்கும் வேலை கெடக்குது. கீழ ஒரு ஆளும் நிக்க வேண்டியதில்ல, பாத்துக்க."

கடைசியாகச் சொன்னது கோகுல்நாத்தின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கீழே ஆளே நிற்க வேண்டியதில்லை. வருடத்தில் முக்கால்வாசி நாள் எங்கோ ஒரு காட்டில் கிடக்க வேண்டும் என்பது அவன் காதில் விழவே இல்லை. நாகலட்சுமியின் காதில் அது மட்டும்தான் விழுந்தது. அன்றைக்கு மத்தியானம் சாமைச்சோற்றில் பலாக்கொட்டைக் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நானு?"

"நீ என்ன? ஊட்ல இரு. கால வெச்சுட்டு இன்னும் என்னத்துக்குக் காட்டுல நிக்கோணும்?"

"மெசினுக்கு முன்னால நின்னே பழகிட்டனுங்க. ஊட்ல நின்னு நானு யாருக்குக் கை காட்டறது?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மெசின் கடைக்காரர்களிடம் விசாரித்ததில் நாகலட்சுமிக்கு ஒன்று தெரியவந்திருந்தது. கிராப் மாதிரி இன்னொன்றும் உண்டு. தம்ப் என்கிறார்கள். பக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு எதிரே ஒரு இரும்பு விரலை மாட்டுவது. பக்கெட் உள்ளங்கை, இது கட்டைவிரல். ரெண்டுக்கும் நடுவில் கல்லை வைத்து அமுக்கிப் பிடிக்கலாம். வேண்டாதபோது விரலை மடக்கிவிட்டு மண் தோண்டலாம். சங்கிலியே வேண்டாம். மலைவேலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் அர்த்தனாரிக்குப் பதில் சொல்லலாம் என்று அவனிடம் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கினாள். அர்த்தனாரி, கல் வண்டியேறிய அந்த நாள் சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார். அதனால்தான் இந்தப் பயணம்.

வளைவுக்கு வளைவு வண்டி சாய்ந்தபோதெல்லாம் பின்னால் கல் நறநறவென்று பலகையை அரைத்தது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கோகுல்நாத் தோளைக் குறுக்கிக்கொண்டான். நடுவில் உட்கார்ந்திருந்த நாகலட்சுமி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்தாள். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அவளுக்கும் ஒரு யோசனைதான். அடிவாரம் வந்ததும் செக்போஸ்டில் இருந்தவர் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, சாமி சிலையா?"

"சிலை இல்லீங்க. வெறுங்கல்லுதான். காட்டீட்டுத் திரும்பக் கொண்டாந்துருவோமுங்க."

"யாருக்குக் காட்ட?"

"மெசினுக்குங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து, "இது பழுத்துருச்சு" என்றார். செல்வம் அதை இறக்கிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

பலாப்பழங்களை மண்டியில் இறக்கிப் போட்டுவிட்டு, நாமக்கல்லைத் தாண்டி ரோட்டோரமாக இருந்த அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மலையில் கட்டியிருந்த சேலை கீழே வந்ததும் கம்பளியாகக் கனத்தது. பின்பக்கம் பெரிய மைதானம். பக்கெட்டுகளும் இரும்புக் கைகளும் வரிசையாகக் கிடந்தன. பிரேம் என்கிற பையன், பையன் என்றால் முப்பதை ஒட்டியவன், சட்டையெல்லாம் ஆயிலோடு வந்தான். கல்லைப் பார்த்துச் சிரித்தான். சிரித்தாலும் மரியாதை தெரிந்தவன், தங்கள் கிரேனைக் கொண்டுவந்து பதனமாக இறக்கி வைத்தான்.

"கல்லோட வந்த பார்ட்டி நீங்கதானுங்க்கா மொதல்ல. எதப் பாக்கறீங்க? கிராப்பா, தம்ப்பா?"

"ரெண்டும்" என்றாள் நாகலட்சுமி.

"கிராப்பு" என்றான் கோகுல்நாத்.

பிரேம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு எத்தனையோ வாடிக்கையாளர் வந்து போயிருப்பார்கள். வம்பில் மாட்டாமல் போய்த் தங்களுடைய குட்டி மெசினில் கிராப்பை மாட்டினான். பக்கெட்டைப் பிடித்திருக்கும் இரும்புப் பின்களைத் தட்டிக் கழற்றி, அதைத் தள்ளிவிட்டு, கிராப்பைத் தூக்கி வைத்து, பின் அடித்து, ஆயில் குழாய்களைச் சொருகி முடிக்க இரண்டு ஆள் சேர்ந்தும் நல்ல நேரம் பிடித்தது. பிறகு பாருங்கள், அந்தக் கொடுக்கு அகல வாய் பிளந்து இறங்கி, கல்லின் இரண்டு விலாவையும் கவ்வி, தூக்கி, அப்படியே அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே வைத்தது. ஒரு ஆட்டம் இல்லை, ஒரு நழுவல் இல்லை.

"பாத்தியா?" என்றான் கோகுல்நாத். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு தெளிச்சி தெரிந்தது. அது சந்தோசமா நிம்மதியா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"அடுத்ததையும் பாத்துருவோமுங்க" என்றாள். குரல் எடுபடவில்லை.

தம்ப் மாட்டின மெசின் வேறொன்று தயாராக நின்றது. பிரேமே ஏறினான். பக்கெட்டைக் கல்லின் குறுக்கே கொண்டுபோய், மேலே விரலை மடக்கிப் பிடித்தான். கல் எழும்பியது. ஆள் மட்டத்துக்கு வந்தது. நாகலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். விரல் அமுக்கியிருந்தது அந்த வழவழப்புப் பக்கத்தை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல் மெல்லத் தலை சாய்ந்தது. ஒரு புரள் புரண்டது. தொம்மென்று விழுந்த வேகத்தில் தரை அதிர்ந்து புழுதி எழுந்தது.

கல் விழுந்த இடத்துக்கும் அவள் நின்ற இடத்துக்கும் நல்ல தூரம். ஆனாலும் கோகுல்நாத் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுவர் வரைக்கும் போய்விட்டான். பிடித்த கையை விடவே இல்லை. அந்தக் கை நடுங்கியது. அவளுடைய கண்ணாடி வளையல்கள் அந்த நடுக்கத்தில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"வேண்டாம் லச்சுமி. போதும். ஊட்டுக்குப் போலாம் வா."

"என்னுங்க மாமா இது, நான் இங்கதான இருக்கறேன்?"

"உனக்குத் தெரியாது. அன்னையிலிருந்து கல்லுக்குன்னு லீவரத் தொட்டா கையி இப்படித்தான் ஆடுது. கல்லத் தூக்கப் போனா எனக்குக் கல்லுத் தெரியறதில்ல. உன் காலுதான் தெரியுது. ரத்தந்தான் தெரியுது. நீ செத்துப்போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன், சொல்லு? அந்தக் கல்லவே கொண்டாந்து எங்கண்ணு முன்னாலயே மறுபடியும் போடச் சொல்றயே, உனக்கு மனசு இருக்குதா?"

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை மாதமாக இவன் மனசுக்குள் இதுவா ஓடியது? ஒரு வார்த்தை சொன்னானா பாவி? அவள் நினைத்துக்கொண்டிருந்ததே வேறு. நொண்டிக்காலோடு இவள் இனி எதற்காவாள் என்று ஒதுக்கிவிட்டான் என்றுதான் நினைத்திருந்தாள்.

"வெரலு போனதுக்கு நானு அழுவுலீங்க மாமா" என்றாள். "ஆசுபத்திரிலகூட அழுவுல. நீங்க அந்த மெசின மூடி வெச்சுப்போட்டு, என்ன வேலைல இருந்தே தள்ளிப்போட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் தெனமும் அழுதேன். சொல்லியிருந்தா என்னவாம்? கை நடுங்குதுன்னு ஊட்டுக்காரிகிட்டச் சொல்றதுக்கு என்ன வெக்கம்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். செல்வம் வண்டி டயரைப் பார்க்கப் போகிறவன் போலத் தூரமாகப் போய்விட்டான். பிரேம் மெசினை விட்டு இறங்கி வந்து, துணியில் கையைத் துடைத்தான்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. கல்லு வாட்டம் சரியில்லீங்க. அந்தப்பக்கம் அளவா வெட்டுன சைஸ் கல்லு கெடக்குது. அதப் போட்டுத் தூக்கிக் காட்றேன்."

இந்த இடத்தில்தான் கோகுல்நாத்துக்குச் சுருக்கென்றது. தலையைக் குனிந்து நின்ற மனுசன் வெடுக்கென்று நிமிர்ந்தான்.

"கல்லு என்ன பண்ணும்? அது அதும்பாட்டுக்குக் கெடந்துச்சு. வழுக்கற பக்கத்துல வெரல வெச்சு, குறுக்கால புடிச்சா அது உருளாம? நெட்டுவாக்குல வாங்கோணும். வகுறு பக்கெட்டுக்குள்ள உக்காரோணும். மேல ஒரு பள்ளம் தெரியுதில்ல, வெரல அதுல கொண்டாந்து வெக்கோணும். சைஸ் கல்லத் தூக்கறதுக்கு மெசின் என்னத்துக்கு? எங்க மலைல சைஸ் கல்லா வெளைஞ்சு கெடக்குது?"

"ஏறிப் பாருங்கண்ணா" என்றான் பிரேம்.

ஏறிவிட்டான். சீட்டில் உட்கார்ந்து, லீவரில் கையை வைத்து, பூம் என்கிற அதன் நீளக் கையைக் கல்லுக்கு நேராகக் கொண்டுவந்த பிறகுதான் தான் ஏறிவிட்டோம் என்பதே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது. கல்லின் இந்தப் பக்கம் அவனுக்குத் தெரியும், அந்தப் பக்கம் தெரியாது. தலை தானாகத் திரும்பி வலதுபுறம், கல்லை ஒட்டி, எப்போதும் பார்க்கிற இடத்தைப் பார்த்தது. நாகலட்சுமி அங்கேதான் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கால் பழகின இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. கல்லைத் தொட்டுவிடுகிற தூரம்.

மெசினை ஆஃப் செய்துவிட்டான்.

"அங்க என்னத்துக்கு நிக்கற?"

"நானு எப்பவும் இங்கதான..."

"சங்கிலி கட்டப் போறயா?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கட்டுவதற்குச் சங்கிலியே இல்லாதபோது அங்கே நிற்க என்ன வேலை?

"பின்னால போ" என்றான். போனாள். "இன்னும் போ." போனாள். "இன்னும்." வேப்பமரத்து நிழல் வரைக்கும் போய் நின்றாள். சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். எந்த இரும்பு விரலை வாங்க வேண்டும் என்று அடம்பிடித்து வந்தாளோ, அந்த விரலே தன்னை வெளியே தள்ளிவிட்டது. கேட்டு வாங்கின வம்பு, யாரை நோவது?

அவன் மெசினை மறுபடி ஆன் செய்தான். ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் பூம் அசையவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னுங்க?" என்று கத்தினாள்.

"கை காட்டு புள்ள! கல்லுக்கு அக்கட்ட எனக்கு என்ன எழவு தெரியுது?"

அட! நாகலட்சுமி முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்தாள். வலது கையைத் தூக்கினாள். அங்கிருந்து கல் முழுதாகத் தெரிந்தது. மெசினும் தெரிந்தது, கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகமும் தெரிந்தது. கல்லை ஒட்டி நின்ற காலத்தில் அவன் முகத்தை அவள் பார்த்ததே கிடையாது. கொஞ்சம் இடது என்று காட்டினாள். வந்தது. இறக்கு என்றாள். இறங்கியது. பக்கெட் கல்லின் நீளத்தை உள்வாங்கிக்கொள்ள, மேலே விரல் வந்து அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. கையை மெல்லத் தூக்கினாள். கல் எழும்பி நின்றது. காற்றுக்குக்கூட அசையவில்லை. அவன் அதை ஒரு சுற்றுக் கொண்டுபோய், பிரேம் போட்டிருந்த இரண்டு கட்டைகளின் மேல் முட்டையை வைப்பதுபோல வைத்தான்.

இறங்கி வந்தவன் பேச ஆரம்பித்தான் பாருங்கள், நிறுத்தவே இல்லை. கிராப் நல்ல சாமான்தான், மரத்துக்கு அதை அடிச்சுக்க முடியாது. ஆனால் எடை ஜாஸ்தி, நம்ம சரிவில் அதை நீட்டினால் மெசின் மூக்குக் குத்திவிடும். கட்டுக்கு அடித் தோண்ட வேண்டும் என்றால் அதைக் கழற்றி பக்கெட் மாட்ட வேண்டும், கல்லெடுக்கத் திரும்பவும் மாட்ட வேண்டும், மலையில் பின் அடிக்க ஆளுக்கு எங்கே போவது? அது சுற்றுவதற்கு ஆயில் லைன் ஒன்று கூடுதலாகக் கேட்கும், நம்ம மெசினில் இருக்கிறது ஒரே லைன். தம்ப் என்றால் அந்த ஒரு லைன் போதும், மடக்கிவிட்டால் இருக்கிற இடமே தெரியாது. பிரேம் தலையாட்டிக்கொண்டே கேட்டான். நாகலட்சுமி ஒன்றையும் முழுதாகக் கேட்கவில்லை. தை மாதத்துக்கப்புறம் இந்த மனுசன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை, அந்தச் சத்தமே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"அப்ப எதுங்கண்ணா?" என்றான் பிரேம்.

கோகுல்நாத் அவளைப் பார்த்தான். "கையி இன்னும் நல்லா நிக்கல லச்சுமி. ஒரு கல்லுத் தூக்குனேன், அவ்வளவுதான். நாளைக்கு ஆடுனாலும் ஆடும்."

"ஆடுனா நிறுத்திப்போடுங்க. நானு தூரமாத்தான நிக்கறேன்? டீயக் குடிச்சுட்டு மறுபடி தூக்கலாம்."

அவன் போனை எடுத்து அர்த்தனாரியைக் கூப்பிட்டான். "அண்ணா, நான் வரலீங்க... கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க... மேல கல்லு வேலை பாதில நிக்குதுங்க. ஆடிக்குள்ள முடிக்கோணும்... ஆமாங்க, ரெண்டு பேருந்தான்." வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

கல்லை என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. இங்கேயே கிடக்கட்டும், வருகிறவர்களுக்குத் தூக்கிக் காட்ட ஆகும் என்றான் பிரேம். செல்வத்துக்கும் அதுதான் சௌகரியம், ஏற்றத்தில் அந்தப் பாரத்தை இழுக்க வண்டி முக்கும். கோகுல்நாத் கேட்கவில்லை.

"எங்க கல்லு. ஏத்து வண்டில."

என்னத்துக்கு என்று நாகலட்சுமி கேட்டபோது அவன் கல்லைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். திரும்பும்போது செக்போஸ்ட்காரர் மறுபடியும் எட்டிப் பார்த்துவிட்டு, "காட்டியாச்சா?" என்றார். "காட்டியாச்சுங்க" என்றான் கோகுல்நாத். மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. கல் பின்னால் நறநறத்துக்கொண்டேதான் வந்தது, அவன் சீட்டில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கிவிட்டான்.

நாலு நாள் கழித்துப் பிரேம் மலைக்கு வந்து, மெசினில் தாங்கு இரும்பு வெல்டிங் வைத்து, தம்ப்பை மாட்டிக் கொடுத்து, நாகலட்சுமி வைத்த களியும் கீரையும் சாப்பிட்டு, காரம் தாங்காமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். மறுநாளே தார்ப்பாயை உருவிவிட்டு மெசின் பொன்னாயியின் காட்டுக்கு இறங்கியது. மேகம் திரண்டுகொண்டிருந்தது, சாரல் இன்றோ நாளையோ என்று இருந்தது. பாதிக் கட்டு, பல் விழுந்த வாய் மாதிரி இளித்துக்கொண்டு நின்றது. மேட்டில் செல்வத்தின் வண்டி வந்து நின்றதும், அதில் கிடந்த கல்லைப் பார்த்துப் பொன்னாயி ஓடி வந்தாள்.

"ஏஞ்சாமி, போன சனியனத் திரும்பக் கொண்டாந்துட்டீங்களா? ரத்தம் பாத்த கல்லு, எங்கட்டுல வெச்சுப்போடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"கட்டுல வெக்கலீங்க. பொறுங்க" என்றான் கோகுல்நாத்.

வண்டிப் பக்கமாக மெசினைத் திருப்பிக் கல்லை நெட்டுவாக்கில் வாங்கினான். கட்டுப்பக்கம் போகவில்லை. கொறகொறவென்று சங்கிலிச் சக்கரம் உருள மேட்டுப் பாதையோடு போய், கட்டுக்கு எதிர்த்தாற்போல, கட்டோரம் மெசின் நின்று கையை நீட்டினாலும் எட்டாத ஒரு இடத்தில் நின்றான். ஆனால் கல்லை விடவில்லை. ஒருமுறை திரும்பித் தூரத்தைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் பின்னால் போனான். அப்புறம்தான் வைத்தான். வழவழப்பான பக்கம் மேலே வந்தது. இறங்கி, அதன் மேல் தானே ஏறி நின்று, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தான். ஒரு ஓரம் லேசாக ஆடியது. சின்னக் கல் சில்லு ஒன்றைத் தேடி எடுத்து அடியில் கொடுத்து, மறுபடியும் ஏறி ஆட்டிப் பார்த்தான்.

"லச்சுமி, இங்க வா."

வந்தாள்.

"இதுமேல நில்லு. இனி எந்தக் காட்டுக்குப் போனாலும் மொதல்ல இந்தக் கல்லு வரும். நான் பாத்து வெக்கற எடத்துல நீ ஏறி நிக்கோணும். பக்கெட்டுத் தரைல குந்துனதுக்கு அப்புறந்தான் நீ எறங்கி வந்து சில்லு வெக்கோணும். அதுக்கு முன்னால ஒத்தக் கால் கீழ வந்துச்சு, மெசின ஆஃப் பண்ணிப்போடுவேன்."

"ஆமா, பெரிய கலெக்டரு, உத்தரவு போடறாரு" என்றாள். 

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். கல் சில்லென்றிருந்தது. மடங்காத விரல் இரண்டும் அதன் மேல் பதியாமல் தூக்கிக்கொண்டு நின்றன. இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது. கட்டின் முன்பக்கம், பின்பக்கம், அடித் தோண்டின பள்ளம், குவிந்து கிடக்கும் கற்கள், எல்லாம் அங்கிருந்து தெரிந்தன. கையைத் தூக்கினாள். மெசின் முதல் கல்லை எடுத்தது.

நாலைந்து கல் வரிசையாக உட்கார்ந்தன. அடுத்த கல்லைத் தூக்கிக்கொண்டு அவன் திரும்பும்போது, கீழ் வரிசையில் ஒரு இடுக்கு பிளந்து தெரிந்தது. ஒரு சில்லு செருகினால் சரியாகிவிடும். ஒரு நொடி வேலைதான், பழக்கதோசம், நாகலட்சுமி கல்லை விட்டு ஒரு கால் கீழே வைத்துவிட்டாள்.

மெசின் சத்தம் பட்டென்று நின்றது. அந்தரத்தில் கல்லைக் கவ்வினபடி இரும்புக் கை அப்படியே உறைந்தது. மலை முழுக்க நிசப்தம், ஓடைத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்தது. பொன்னாயி கையில் வைத்திருந்த கூடையோடு திகைத்துப்போய் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"இதென்னங்காயா அதிசயம்! மெசினுக்கு உங்காலுலயா சாவி வெச்சிருக்குது?"

கண்ணாடிக்குப் பின்னால் கோகுல்நாத் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கைகள் நடுங்குகின்றனவா இல்லையா என்று இங்கிருந்தே அவளுக்குத் தெரிந்தது. நடுங்கவில்லை.

நாகலட்சுமி கீழே வைத்த காலை எடுத்துத் திரும்பவும் கல்லின் மேல் வைத்தாள். மெசின் ஓடத் தொடங்கியது.